ஒரு லட்சம் என்று சொன்னது யார்? பழைய ரிமோட் ரேஸ் கார்களின் கணக்கு வழக்கு

பழைய ரிமோட் ரேஸ் கார்களைப் பற்றிப் பேசுகிற எந்த யூடியூப் வீடியோவைப் பார்த்தாலும், எந்த ஒன்லைன் ஏலத்தை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வசனங்கள் கட்டாயம் வரும். ஒன்று, "லட்சக்கணக்கில் விற்ற கார்." மற்றது, "கிடைக்கவே கிடைக்காத அரிய கார்." சில நேரம் ஒரே காருக்கே இரண்டும் சொல்லுவார்கள். லட்சக்கணக்கில் விற்றது எப்படி அரிதானது என்று கேட்கிற ஆட்கள் குறைவு. இந்த எண்ணிக்கையை யார் எண்ணினது என்று கேட்கிற ஆட்கள் அதைவிடக் குறைவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1970களிலும் 80களிலும் வந்த ரேடியோ ரேஸ் கார்கள் எத்தனை செய்யப்பட்டன, எத்தனை விற்பனையாகின என்று இன்றைக்குச் சுற்றித் திரிகிற எண்களில் பெரும்பாலானவை சாட்சியங்கள்தான், பதிவேடுகள் இல்லை. சாட்சியத்தைத் தூக்கி எறியத் தேவையில்லை. ஆனால் குறுக்கு விசாரணை இல்லாமல் தீர்ப்பு எழுதவும் கூடாது. அந்த விசாரணைக்கு இருக்கிற காலமும் குறைந்துகொண்டு வருகிறது.

எந்தக் கார்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்குவோம். புறக்கோட்டையில் பெட்டியோடு விற்கிற, பற்றரி போட்டவுடன் ஓடுகிற ரிமோட் கார் வேறு. இங்கே சொல்வது பாகங்களாக வருகிற கார். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்ரிக் சட்டங்களில் ஒட்டியபடி பாகங்கள், பை பையாகத் திருகாணிகள், ஒரு மின்மோட்டர், படம் படமாகப் போட்ட செய்முறைப் புத்தகம், இவ்வளவும்தான் இருக்கும். ரிமோட், ரிசீவர், பற்றரி, சார்ஜர் எல்லாம் வேறாக வாங்க வேண்டும். வாங்கினவரே இருந்து பூட்டி, பெயின்ற் அடித்து, ஓட்டி, எங்கேயாவது மோதி உடைத்தால் உடைந்த பாகத்தை மட்டும் வாங்கி மாற்றலாம்.

இந்த வகைக் கார்களின் தொடக்கம் சின்னச் சின்னப் பட்டறைகளில்தான். இத்தாலியின் ரெஜியோ எமிலியாவில் இருந்த எல்ஜி என்ற கம்பனி 1966 அளவில் செய்த ஃபெராரி 250 எல்எம் மொடலைத்தான் கடைக்கு வந்த முதல் ரேடியோ கார்களில் ஒன்றாகச் சொல்லுவார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரில் மார்டேவ், கலிபோர்னியாவில் அசோசியேட்டட் என்று வேறு ஆட்களும் இருந்தார்கள். இவர்களுடைய உலகம் சின்னது. ஓடுகிறவர், கடைக்காரர், செய்கிறவர் மூவரும் ஒரே மைதானத்தில் சந்திக்கிற அளவுக்குச் சின்னது.

1976 டிசம்பரில் இது மாறியது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் மரம் அரியும் ஆலையாகத் தொடங்கி, மரப் பொம்மை செய்து, பிறகு பிளாஸ்ரிக் மொடல்களுக்குப் போன டமியா கம்பனி, போர்ஷ 934 டர்போ என்ற காரின் 1/12 அளவு ரேடியோ மொடலை விட்டது. பட்டியல் எண் 58001. அதே உடற்கூட்டோடு அலுமாரியில் வைத்துப் பார்க்கிற மொடல் ஒன்றும் அந்த வருடமே வந்திருந்தது. பிளாஸ்ரிக் மொடலில் பெரிய செலவு அச்சுக்குத்தான். உருக்கில் அச்சு ஒன்றைச் செதுக்குகிற காசு, முதல் பெட்டி விற்பதற்கு முன்னமே போய்விடும். ஒரே உடற்கூட்டு வடிவத்தை இரண்டு சாமானுக்குப் பயன்படுத்தினால் அந்தக் காசை இரண்டு பக்கத்தால் திருப்பி எடுக்கலாம். கெட்டிக்காரத்தனமான யோசனை.

இந்தக் கார் ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது என்பதுதான் பரவலாகச் சொல்லப்படுகிற கணக்கு. கட்டுரைக்குக் கட்டுரை, வீடியோவுக்கு வீடியோ இந்த எண் வருகிறது. நான் இதைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் வரலாறு படிக்கிற எவரும் முதல் வருடத்திலேயே கேட்கப் பழகுகிற கேள்வி ஒன்று இருக்கிறது: இதற்கு மூலம் எது? தேடிக்கொண்டு போனால், ஒருவர் மற்றவரைக் காட்டுவார், மற்றவர் இன்னொருவரைக் காட்டுவார், கடைசியில் கை கம்பனியின் பக்கம்தான் நீளும். டமியா ஒரு குடும்ப நிறுவனம். பங்குச் சந்தையில் இல்லை. இந்த மொடல் இத்தனை, அந்த மொடல் இத்தனை என்று வெளியே கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. கம்பனி சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை.

இன்னொன்று. "ஒரு லட்சம்" என்பது முழு எண். பதிவேட்டில் இருந்து வருகிற எண்கள் இப்படி வடிவாக வட்டமாக இருப்பதில்லை. 97 ஆயிரத்துச் சொச்சம் அல்லது ஒரு லட்சத்து மூவாயிரத்துச் சொச்சம் என்றுதான் இருக்கும். முழு எண் வருகிற இடத்தில் யாரோ நினைவில் இருந்து சொல்லியிருக்கிறார்கள், அல்லது விளம்பரத்துக்காக அரைத்து மழுப்பியிருக்கிறார்கள். அடுத்தவர் எண்ணின கணக்கை அப்படியே விழுங்கக் கூடாது என்பதை எங்களுக்குப் புதுசா ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையில்லை. பொம்மைக் கார் என்றவுடன் மட்டும் அந்தப் பழக்கத்தை ஏன் விடுவான்?

சரி, எண் ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைப்போம். அது எதை எண்ணின எண்?

ஒரு கார் தொழிற்சாலையில் செய்யப்படும். பிறகு கப்பலில் ஏறும். டமியாவின் பெட்டிகள் பிரித்தானியாவில் ரிக்கோ என்ற இறக்குமதியாளருக்கும், அமெரிக்காவில் எம்ஆர்சி என்ற கம்பனிக்கும் போயின. அவர்களிடம் இருந்து கடைக்குப் போகும். கடையில் இருந்து ஒரு பிள்ளையின் கைக்குப் போகும். அந்தப் பிள்ளை அதைப் பூட்டி முடிக்கலாம், முடிக்காமலும் விடலாம். பூட்டினது ஓடலாம், ஓடாமலும் போகலாம். செய்தது, அனுப்பினது, விற்றது, பூட்டினது, ஓடினது என்று ஐந்து எண்கள் இருக்கின்றன. கம்பனியைப் பொறுத்தவரை இறக்குமதியாளர் காசு கட்டிய அன்றே பெட்டி விற்றாயிற்று. அது கடைத் தட்டில் மூன்று வருடம் தூசி பிடித்துக் கிடந்தாலும் கம்பனியின் கணக்கில் அது விற்பனைதான். "விற்றது" என்று ஒருவர் சொல்லும்போது இந்த ஐந்தில் எது என்று கேட்காவிட்டால், அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

அடுத்த சிக்கல், "ஒரு கார்" என்றால் என்ன என்பது. டமியாவின் ஃப்ரொக் 1983 இல் வந்தது. அதே அடிச்சட்டத்தை வைத்துத்தான் சுபாரு பிராட், பிளாக்ஃபுட், மொன்ஸ்டர் பீட்டில் எல்லாம் வந்தன. மேலே இருக்கிற உடற்கூடு, சக்கரம், ஸ்டிக்கர்தான் பெரும்பாலும் வேறு. 1984 இல் வந்த கிராஸ்ஹொப்பரும் ஹோர்னெட்டும் அப்படித்தான். தொட்டி மாதிரியான அதே அடிச்சட்டம். முதலாவதில் 380 அளவுச் சின்ன மோட்டர், இரண்டாவதில் 540 அளவுப் பெரிய மோட்டர். ஃப்ரொக் எத்தனை செய்தார்கள் என்று ஒருவர் கேட்டால், ஃப்ரொக் என்று பெட்டியில் எழுதினதை எண்ணுவதா, அந்தக் கியர்ப் பெட்டியோடு வெளியே போன எல்லாவற்றையும் எண்ணுவதா? முதலாவது எண் ஏலத்தில் விலை பேசுகிறவருக்கு வேண்டும். இரண்டாவது எண் அந்த வடிவமைப்பு எவ்வளவு பேரைச் சென்று சேர்ந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு வேண்டும். இரண்டையும் குழப்பினால் இரண்டும் கெடும்.

பட்டியல் எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கலாமே என்று சிலர் சொல்லுவார்கள். பார்ப்போம். போர்ஷ 58001, 1976 இல். ஹோர்னெட் 58045, 1984 இல். எட்டு வருடத்தில் 44 எண்கள். அவாண்டே 58072, 1988 இல். நாலு வருடத்தில் 27 எண்கள். ஹோர்னெட்டை மறுபடி வெளியிட்டபோது அதற்குக் கொடுத்த எண் 58336, அது 2004 இல். பதினாறு வருடத்தில் 264 எண்கள். பார்த்தால் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது மாதிரி இருக்கும். உண்மையில் இந்தப் பாய்ச்சல் எத்தனை கார் விற்றது என்று சொல்லவில்லை. ஒரே அடிச்சட்டத்தின் மேல் வேறு வேறு கார்களின் மெல்லிய கூடுகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் புது எண் கொடுத்து விற்கிற முறை வலுத்தால் பட்டியல் தானாக நீளும். மொடல்களின் தொகை கூடினால் கார்களின் தொகையும் கூடினது என்று அர்த்தம் இல்லை.

எண்ணில் இருந்து உண்மையைப் பிடிக்கிற வழி ஒன்று இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனி மாதம் எத்தனை யுத்தத் தாங்கிகள் செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. 1942 ஆகஸ்ட் மாதத்துக்கு உளவுத் துறையின் மதிப்பீடு 1550. கைப்பற்றிய தாங்கிகளின் பாகங்களில் இருந்த வரிசை எண்களை வைத்துப் புள்ளிவிபரக்காரர்கள் போட்ட மதிப்பீடு 327. போர் முடிந்து ஜேர்மன் பதிவேடுகளைப் பார்த்தபோது கிடைத்த எண் 342. வாயால் வந்த எண்ணுக்கும் பொருளில் இருந்து எடுத்த எண்ணுக்கும் இருந்த தூரம் அவ்வளவு.

இந்த வித்தை ரிமோட் காருக்குப் பலிக்காது. 58045 என்பது ஹோர்னெட் என்கிற மொடலின் எண். உங்கள் கையில் இருப்பது எத்தனையாவது ஹோர்னெட் என்று அது சொல்லாது. முதலாவது பெட்டியிலும் அந்த எண்தான், கடைசிப் பெட்டியிலும் அந்த எண்தான். விளையாடத்தானே செய்தோம், ஒவ்வொன்றுக்கும் எண் அடித்து என்ன செய்வது என்று நினைத்திருப்பார்கள். நியாயம்தான். ஆனால் அதனால் பொருளிடம் கேட்க வழியில்லாமல் போயிற்று. கம்பனியிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்குள் மறுவெளியீடு வேறு. 1979 இல் வந்த ரஃப் ரைடர், 2009 இல் பகி சம்ப் என்ற பெயரோடு திரும்ப வந்தது. அதே 1979 இன் சாண்ட் ஸ்கோர்ச்சர் 2010 இல். அவாண்டே 2011 இல். ஹோர்னெட் 2004 இல் என்று மேலே சொன்னேன். அப்ப "ஹோர்னெட் இத்தனை விற்றது" என்று இன்றைக்கு ஒருவர் சொன்னால், 84 இல் தொடங்கின ஹோர்னெட் மட்டுமா, 2004 க்குப் பிறகு வந்ததும் சேர்த்தா? சேகரிப்பாளர்கள் ஸ்டிக்கரை, பெட்டிப் படத்தை, சின்னச் சின்னப் பாகங்களைப் பார்த்துப் பிரித்துச் சொல்லுவார்கள். கூட்டுத்தொகை அப்படிப் பிரித்துக் காட்டாது.

"சும்மா விளையாட்டுச் சாமான், இதுக்குப் போய் இவ்வளவு விசாரணையா?" என்று ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டு காரணம் சொல்கிறேன்.

முதலாவது, இந்த விளையாட்டின் வரலாறு. இப்போது எழுதப்படுகிற வரலாறு பெரும்பாலும் சம்பியன்களின் பட்டியல். 1985 இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் 1/10 அளவு ஓஃப் ரோட் கார்களுக்கான முதல் உலகச் சம்பியன்ஷிப் நடந்தது. இரு சக்கர இழுவைப் பிரிவில் ஜே ஹால்ஸி வென்றார், அசோசியேட்டட் ஆர்சி10 காரோடு. தங்க நிறத்தில் மினுங்குகிற அலுமினியத் தட்டை அடிச்சட்டமாகக் கொண்ட கார் அது. நாலு சக்கரப் பிரிவில் கில் லோசி ஜூனியர், யொக்கோமோ காரோடு. 1987 இல் இங்கிலாந்தின் ரொம்சியில் ஜோயல் ஜோன்சன் கியோஷோ அல்டிமாவோடு வென்றார். நாலு சக்கரப் பிரிவில் ஜப்பானியரான மசாமி ஹிரோசாகா, ஷுமாக்கர் என்ற இங்கிலாந்துக் கம்பனியின் கட் காரோடு வென்றார். இந்த நாலு பெயரிலும் டமியா இல்லை. ஹோர்னெட் இல்லை, கிராஸ்ஹொப்பர் இல்லை.

ஆனால் அந்த வருடங்களில் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் வீட்டு முற்றத்தில், கார் தரிப்பிடத்தில், பள்ளிக்கூட மைதானத்தில் ஓட்டினது பெரும்பாலும் எது? ஹோர்னெட் மாதிரியான, குறைந்த பாகமும் குறைந்த விலையும் கொண்ட, மோதினாலும் தாங்குகிற கார்களைத்தான். சம்பியன்களின் பட்டியல் எழுதி வைக்கப்பட்டது, ஏனென்றால் போட்டிக்கு நடுவர் இருந்தார், நேரம் குறிக்கிறவர் இருந்தார். முற்றத்தில் ஓட்டினவர்களுக்கு அப்படி ஒருத்தரும் இல்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு மிஞ்சியிருக்கிற ஒரே கூட்டுச் சான்று, எத்தனை பெட்டி போனது என்கிற எண்தான். அந்த எண் தெளிவில்லாமல் போனால், இந்த விளையாட்டு நாலு சம்பியன்களாலும் இரண்டு மூன்று பொறியியலாளர்களாலும் உருவானது என்ற கதைதான் மிஞ்சும். இதற்குக் காசு கட்டி, இதைப் பெரிசாக்கின பெருங்கூட்டம் அந்தக் கதையில் இருக்காது.

அவாண்டேயை எடுங்கள். போட்டியில் வெல்ல வேண்டும் என்று டமியா பார்த்துப் பார்த்துச் செய்த கார். சிக்கலான வடிவமைப்பு, விலையும் அதிகம். போட்டியில் எதிர்பார்த்த மாதிரி சாதிக்கவில்லை. இன்றைக்கு ஏலத்தில் அதற்கு இருக்கிற மதிப்பு தனி. கிராஸ்ஹொப்பர் போட்டியைப் பற்றி யோசிக்கவே இல்லை, தொடங்குகிற பிள்ளைக்காகச் செய்த கார். உருவாக்கினவர்களின் பெருமைக்கு அவாண்டேயைப் படியுங்கள். விளையாடினவர்களின் சரித்திரத்துக்குக் கிராஸ்ஹொப்பரைத்தான் படிக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் காசு. "அரிது" என்ற சொல்லுக்கு இன்று விலை இருக்கிறது. ஒரு மொடல் எத்தனை செய்யப்பட்டது என்று வெளியே ஒருவருக்கும் தெரியாதபோது, "மிகக் குறைவாகத்தான் செய்தார்கள்" என்று விற்கிறவர் சொல்வதை எதிர்த்துப் பேச வாங்குகிறவரிடம் ஒன்றும் இல்லை. அதிலும் இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. குறைவாகச் செய்ததும் அரிதுதான், நிறையச் செய்து நிறைய அழிந்ததும் அரிதுதான். மலிவான காரை பிள்ளைகள் அடித்து நொறுக்கினார்கள், அம்மாமார் வீடு கூட்டும்போது எறிந்தார்கள். விலையுயர்ந்த காரைத் துடைத்து அலுமாரியில் வைத்தார்கள். அதனால் இன்று மிஞ்சியிருக்கிற கார்களை எண்ணி அன்றைய விற்பனையைக் கணிக்கப் போனால், விலையுயர்ந்தவை கூடவும் மலிவானவை குறையவும் தெரியும். மிஞ்சினது எது என்பதும் விற்றது எது என்பதும் வேறு வேறு கேள்விகள்.

இன்னும் கொஞ்சம் யோசித்தால், ஏலத்தில் கூடுதல் விலை போவது பூட்டாத, பெட்டி திறக்காத கார்தான். விற்பனைக் கணக்கில் அதுவும் ஒன்று. ஆனால் அதை ஒருத்தரும் ஓட்டவில்லை. யாரோ ஒரு பிள்ளை கேட்டு வாங்கித் தொடாமல் விட்டதோ, கடையில் கிடந்து பழசானதோ, அந்தப் பெட்டிக்குத்தான் இன்றைக்கு முதல் மரியாதை. நன்றாக விளையாடி உழைத்துத் தேய்ந்த கார் "பாகங்களுக்கு மட்டும்" என்று ஒரு மூலையில் கிடக்கும்.

அப்ப என்னதான் செய்யிறது?

முதலில், கம்பனிகள் பழைய உற்பத்திக் கணக்கை வெளியே வைக்க வேண்டும். நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முந்தின எண்ணால் இன்றைக்குப் போட்டிக் கம்பனிக்கு ஒரு லாபமும் கிடைக்கப் போவதில்லை. மறுவெளியீடு விட்டுப் பழைய நினைவை விற்கிறவர்கள், அந்த நினைவின் கணக்கையும் சேர்த்துக் கொடுப்பது நியாயம். டமியாவை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவந்த, தன் அனுபவங்களை நூலாகவும் எழுதி வைத்த ஷுன்சாகு டமியா 2025 இல் காலமானார். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில் ஜப்பானில் ரேடியோ கார் செய்த எல்லாக் கம்பனிகளும் இன்று அந்தத் தொழிலில் இல்லை. 80களில் கார் விற்ற மருய், இன்று விளையாட்டுத் துப்பாக்கிக்குத்தான் பெயர் போனது. தொழில் மாறின இடத்தில் பழைய பேரேடு எந்த மூலையில் கிடக்கிறதோ, கிடக்கிறதா என்பதே சந்தேகம். இறக்குமதி செய்தவர்களின் கொள்வனவுப் பத்திரங்கள், கடைக்காரர்களின் கொப்பிகள் இவையும் சான்றுதான். கார் சேர்க்கிறவர்கள் காரோடு சேர்த்துக் கடதாசியையும் சேர்க்கத் தொடங்க வேண்டும். பழைய விலைப்பட்டியல் ஒன்று, பெட்டி திறக்காத கார் ஒன்றைவிட அதிகம் பேசும்.

இரண்டாவது, எழுதுகிறவர்களும் வீடியோ போடுகிறவர்களும் எண்ணோடு அதன் பிறப்பிடத்தையும் சொல்லிப் பழக வேண்டும். "ஒரு லட்சம் விற்றது" என்று எழுதுவதற்கும் "ஒரு லட்சம் விற்றது என்று கம்பனி வழியாகச் சொல்லப்படுகிறது" என்று எழுதுவதற்கும் நாலு சொல்தான் வித்தியாசம். அந்த நாலு சொல்லை விட்டுவிட்டால் பத்து வருடத்தில் சாட்சியம் உண்மையாகிவிடும், யார் சொன்னது என்பது மறைந்துவிடும்.

மூன்றாவது வாசிக்கிற எங்களுக்கு. இனிமேல் இப்படி ஒரு எண்ணைக் கண்டால் நாலு கேள்வி போதும். செய்ததா, அனுப்பினதா, விற்றதா? ஒரு மொடலா, ஒரே அடிச்சட்டத்தில் வந்த எல்லாமா? முதல் வெளியீடா, மறுவெளியீடும் சேர்ந்ததா? சொன்னது யார், அவர் எங்கே பார்த்தார்? நாலுக்கும் பதில் இருந்தால் அந்த எண்ணைக் கையில் எடுங்கள். பதில் இல்லாவிட்டால் கதையாகக் கேளுங்கள், கதையும் நல்ல கதைதான். விலை பேசுகிற இடத்தில் மட்டும் அந்தக் கதைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.